வாசகர் கேள்விகள்: கப்பல்ல வால்ட்ஸ் கத்துக்கலாமா?

சவுத்தாம்ப்டன்ல இருந்து நியூயார்க்குக்கு க்வீன் மேரி 2 கப்பல்ல போனத பத்தி போன இதழ்ல எழுதினப்ப, நானும் எங்க வீட்டுக்காரரும் பால்ரூம் டான்ஸ் (வால்ட்ஸ், சாச்சா மாதிரி ஜோடியா ஆடறது) கிளாஸுக்கு போனோம்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். கடல், சாப்பாடு, லைப்ரரின்னு பக்கம் பக்கமா எழுதினத யாரும் கண்டுக்கல, வந்த கடிதம் பூரா அந்த ஒரு வரிக்குதான். சரி, இந்த தடவை அதுக்கே பதில்.

கே: எனக்கு 58, அவருக்கு 63. பையன் அதே கப்பல்ல டிக்கெட் போடறேங்கறான். நான் பள்ளிக்கூடத்துல கும்மி அடிச்சதோட சரி. ஏழு ராத்திரில கத்துக்க முடியுமா? புடவையோட ஆடலாமா?
- வாசகி, திருச்சி

ப: முடியும்மா, ஆனா எல்லாத்தையும் கத்துக்கணும்னு போனீங்கன்னா ஒண்ணும் வராது. ஏழு ராத்திரின்னா நடுவுல ஆறு நாள் முழுக்க கடல்தான், எந்த ஊர்லயும் நிக்காது, அதனால பெரும்பாலும் தினமும் கிளாஸ் இருக்கும், டிக்கெட்லயே சேர்த்தி, தனியா காசு கிடையாது. பிரச்சனை என்னன்னா இன்னிக்கு வால்ட்ஸ், நாளைக்கு சாச்சா, அடுத்த நாள் ஃபாக்ஸ்ட்ராட்னு மாத்திக்கிட்டே இருப்பாங்க, முக்கால் மணி நேரத்துல ஏதோ பிடிபடுதேன்னு தோணும்போது கிளாஸ் முடிஞ்சிரும், மறுநாள் புதுசு வந்து பழசு கரைஞ்சிரும். நாங்க மூணு நாள் எல்லாத்துக்கும் போய் எல்லாத்தையும் குழப்பிக்கிட்டு, அப்புறம்தான் வால்ட்ஸும் சாச்சாவும் போதும்டா சாமின்னு மத்தத விட்டோம். மத்தியானம் கேபின்ல கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கற துளி இடத்துல பத்து நிமிஷம் அதையே திருப்பி திருப்பி போட்டதுதான் கால்ல ஒட்டுச்சு.

வால்ட்ஸ்ல ஆரம்பப் பாடம் ஆறே அடிதான். அவர் இடது கால முன்னாடி வைப்பாரு, வலது கால பக்கத்துல வைப்பாரு, இடது கால அதோட சேர்ப்பாரு, அப்புறம் வலது கால பின்னாடி வெச்சு அதே கதை. தரையில ஒரு சதுரம் போட்ட மாதிரி. நீங்க அதுக்கு நேர் மறுபக்கம், அதாவது முதல் அடியே வலது கால் பின்னாடி போகணும். புடவை கஷ்டம் இங்கதான். பின்னாடி அடி வைக்கும்போது நம்ம குதிகாலே பின்பக்கத்து ஓரத்த மிதிக்கும், முன்னாடி வர்ற அவர் கால் கொசுவத்த மிதிக்கும், ரெண்டும் ஒண்ணா நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால கிளாஸுக்கு சுடிதார் போட்டுக்கங்க. சாயங்காலம் பால்ங்கற நடன விருந்து நடக்கற அன்னிக்கு பட்டுதான் கட்டுவேன்னா கணுக்கால் தெரியற அளவு கொஞ்சம் தூக்கி கட்டி, முந்தானைய தோள்ல குத்தி, கீழ தொங்கறத இடுப்புல சொருகிடுங்க, ஏன்னா அவரோட வலது கை உங்க இடது தோள்பட்டைக்கு கீழ முதுகுல இருக்கும், தொங்கற முந்தானை அந்த கையில சுத்திக்கும்.

செருப்பு விஷயம் முக்கியம். ரப்பர் அடி வெச்ச ஷூ தரைய கவ்விப் பிடிச்சுக்கும், உடம்பு திரும்பும் பாதம் திரும்பாது, முட்டிக்கு கேடு. தோல் அடி இருந்தா நல்லது. டான்ஸ் ஷூவுக்கு ஸ்வேட்ங்கற மெத்துன்னு இருக்கற தோல்ல அடி வெச்சிருப்பாங்க, அத போட்டுக்கிட்டு வெளில டெக்குக்கு போகாதீங்க, ஈரம் பட்டா போச்சு. குச்சி ஹீல்ஸ், ஆடற கப்பல்ல, வேணாம்.

அப்புறம் ஒண்ணு. ஜோடிங்க எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிரா ஹாலை சுத்தி வரணும். கோயில்ல பிரதட்சணமா சுத்தியே பழகின நமக்கு கால் தானா மறுபக்கம்தான் போகும், நாங்க எதிர்ல வந்த ரெண்டு ஜோடி மேல முட்டினோம். ஓரமா வேகமா போறவங்க போவாங்க, தடுமாறறவங்க நடுவுல நின்னு ஆடிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இன்னொண்ணு, அவர் உங்களுக்கு சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சா உடனே நிறுத்திடுங்க. சொல்லிக்குடுக்கத்தான் அங்க ஆள் இருக்காங்க.

கே: ஆசை எல்லாம் எங்க வீட்டம்மாவுக்கு, எனக்கு கூச்சமா இருக்கு. வேற ஆளுங்களோட மாத்தி மாத்தி ஆட வெப்பாங்களாமே? தனியா வர்ற லேடீஸ் கூட ஆடறதுக்கு கப்பல்லயே ஆம்பளைங்கள வெச்சிருக்காங்கங்கறாங்க, நிஜமா?
- வாசகர், மதுரை

ப: கூச்சத்துக்கு நீங்க வெட்கப்பட வேண்டாம் சார், இங்கிலாந்துக்காரங்களே பட்டிருக்காங்க. 1816 ஜூலைல ராஜாவுக்கு பதிலா ஆட்சிய நடத்தின இளவரசர் (ப்ரின்ஸ் ரீஜண்ட்) குடுத்த ஒரு நடன விருந்துல வால்ட்ஸ் ஆடினாங்கன்னு லண்டன் டைம்ஸ் பத்திரிகை ஆபாசம்னு கண்டிச்சு எழுதிச்சு. அதுவரைக்கும் வரிசையில நின்னு விரல் நுனிய பிடிச்சு ஆடினவங்க, திடீர்னு ஒரு ஜோடி கட்டிப் பிடிச்ச மாதிரி நின்னு சுத்தினா பின்ன என்ன சொல்வாங்க. இப்ப பாத்தா அதுதான் இருக்கறதுலயே ரொம்ப மரியாதையான டான்ஸ்.

சில மாஸ்டருங்க ஜோடி மாத்துவாங்கதான், வேண்டாம்னா "நாங்க சேர்ந்தே ஆடறோம்"னு சொன்னா போதும், முடிஞ்சது. ஆனா நான் ஒரு தடவை மாத்தித்தான் பாத்தேன், எழுபது வயசு இருக்கும், ஒரு பெரியவர், என் கைய ஏதோ பீங்கான் சாமான் மாதிரி பிடிச்சார், எந்தப் பக்கம் போகணும்னு அவர் நெஞ்சு திரும்பறதுலயே தெரிஞ்சிருச்சு, அப்பதான் எனக்கு லீட் பண்றதுன்னா என்னன்னு புரிஞ்சது. எங்க வீட்டுக்காரர் அதுவரைக்கும் என்னை பீரோவ நகத்தற மாதிரி தள்ளிக்கிட்டிருந்தாரு.

ஆள் வெச்சிருக்கறது நிஜம்தான். டான்ஸ் ஹோஸ்ட்னு பேரு. நல்லா ஆடத் தெரிஞ்ச, கொஞ்சம் வயசான ஆம்பளைங்க, துணை இல்லாம வர்றவங்களோட ஆடறதுதான் அவங்க வேலை. ஒருத்தரோடயே ஆடிக்கிட்டிருக்கக் கூடாது, எல்லாரோடயும் மாத்தி ஆடணும், காதல் கத்தரிக்கா எல்லாம் கிடையாது. வீட்டுக்காரர் போனப்புறம் தனியா பயணம் வந்த பாட்டிங்க ராத்திரி அவ்ளோ சந்தோஷமா ஆடறத பாத்தப்ப எனக்கு இது ரொம்ப நல்ல ஏற்பாடுன்னுதான் தோணுச்சு.

கே: நான் மிருதங்கம் வாசிக்கறவன். சிங்கப்பூர்ல ஒரு கிளாஸ்ல ஃபாக்ஸ்ட்ராட் பாத்தேன், பாட்டு சதுஸ்ரம், நாலு நாலு தட்டு, அவங்க கால் அதுல உக்காரவே இல்ல. தப்பா ஆடினாங்களா?
- வாசகர், தஞ்சாவூர்

ப: ஐயா, உங்க கடிதத்த படிச்சதும் எழுந்து நின்னுட்டேன், இதே சந்தேகம்தான் எனக்கும். அவங்க சரியாதான் ஆடினாங்க. வால்ட்ஸ்ல தொந்தரவு இல்ல, தகிட தகிடன்னு மூணு மூணு தட்டா திஸ்ரம், அடிக்கு ஒண்ணு. நிமிஷத்துக்கு 84ல இருந்து 90 தட்டு. வியன்னா வால்ட்ஸ் அதே தகிட, கிட்டத்தட்ட ரெண்டாம் காலம், அதாவது ரெண்டு மடங்கு வேகம், 180 வரைக்கும் போகும், அந்த கிளாஸ் பக்கம் நாங்க தலைய காட்டல.

ஃபாக்ஸ்ட்ராட்ல பாட்டு நாலு நாலு தட்டு, தகதிமி. கிளாஸ்ல சொல்லித்தர்றது ஸ்லோ, ஸ்லோ, க்விக், க்விக். ஸ்லோவுக்கு ரெண்டு தட்டு, க்விக்குக்கு ஒண்ணு. கூட்டிப் பாருங்க, ஆறு. ஆக ரெண்டாவது தடவை ஆரம்பிக்கறப்ப தகதிமியோட நடுவுல, "திமி"ல போய் நிக்கறோம். ரெண்டு சுத்து முடிஞ்சாதான், பன்னெண்டு தட்டுக்கு அப்புறம்தான், மறுபடி சமத்துக்கு, அதாவது தாளத்தோட முதல் தட்டுக்கு வரும். தாளம் போட்டுக்கிட்டே ஆடினா பைத்தியம் பிடிச்சிரும், எனக்கு பிடிச்சிச்சு. கைய விட்டுட்டு ஸ்லோ ஸ்லோன்னு முணுமுணுத்துக்கிட்டே நடந்தா வருது.

உங்களுக்கு சாச்சா பிடிக்கும்னு நினைக்கறேன். அது நம்ம அனாகத எடுப்பு மாதிரி, சமத்த விட்டுட்டு ரெண்டாவது தட்டுல கால் எடுக்கணும். ரெண்டு, மூணு, அப்புறம் நாலாவது தட்ட ரெண்டா பிரிச்சு சா-சா, மூணாவது சா வந்து சமத்துல விழும். புதுசா வர்றவங்களுக்கு சில மாஸ்டருங்க சமத்துலயே ஆரம்பிச்சு விட்டுடுவாங்க, நீங்க ஏமாறாதீங்க. 1950கள் ஆரம்பத்துல கியூபாவுல என்ரிக்கே ஹொரீன்னு ஒரு வயலின் வித்வான் உண்டாக்கின பாணி இது, ஆடறவங்க கால் தரையில தேய்க்கற சத்தமே பேரா நின்னுருச்சு. நம்ம தகதிமி மாதிரி சொல்லுக்கட்டுதானே அது!

கே: கப்பல் ஆடுமே, நாமளும் ஆடினா விழமாட்டோமா?
- வாசகி, நாகப்பட்டினம்

ப: பால்ரூம் மூணாவது தளத்துல இருக்கு, அவ்ளோ கீழ இருக்கறதால மேல்தளம் அளவுக்கு ஆடாது. பக்கவாட்டு ஆட்டத்த குறைக்க தண்ணிக்கடியில துடுப்பு மாதிரி இறக்கை வெச்சிருக்காங்க. முன்னும் பின்னுமா தூக்கிப் போடறத அது ஒண்ணும் செய்யாது, குளிர்காலத்து அட்லாண்டிக்ல அதையும் பாக்கலாம். எங்களுக்கு ஒரு நாள் ராத்திரி லேசா ஆடுச்சு, அன்னிக்கு வெச்ச தப்படி எல்லாத்துக்கும் எங்க வீட்டுக்காரர் கடல் மேல பழி போட்டுட்டாரு.

கே: ஊருக்கு வந்தப்புறம் ஆடறீங்களா?
- வாசகி, கோவை

ப: மொட்டை மாடில, துணி காயப்போடாத நாள்ல. முந்தாநாள் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பாத்து "சாருக்கு தலை சுத்துதா, பிடிச்சுக்கட்டுமா"ன்னு கேட்டாங்க.