ஏப்ரல் முதல் அக்டோபர் வரை: வெளிநாட்டுப் பருவகால ஓட்டல், பார் வேலைகள் பற்றி வாசகர் கேள்விகள்

மால்டாவிலும் கிரேக்கத் தீவு ஒன்றிலும் ஓட்டல் பார்களில் வேலை பார்த்து, பிறகு அதே இடங்களில் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தவன் என்பதால் இந்த மாதக் கடிதங்களை ஆசிரியர் என்னிடம் அனுப்பியிருக்கிறார்.

கேள்வி: கேட்டரிங் பட்டயம் முடித்து, சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ரெஸ்டாரன்ட் சர்வீஸில் இருக்கிறேன். கிரீஸ் நாட்டின் மிக்கோனோஸ் தீவில் கோடையில் பார்களுக்கு ஆள் கிடைப்பதில்லை, சுற்றுலா விசாவில் போய் இறங்கினால் நேரில் கேட்டே வேலை வாங்கிவிடலாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். நான்கு லட்சம் கேட்கிறார். ஜூனில் கிளம்பலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கிளம்ப வேண்டாம், தம்பி. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். தீவுகளில் ஆள் பற்றாக்குறை உண்மை. கடை கடையாக ஏறி இறங்கி வேலை கேட்பதும் அங்கே நடப்பதுதான். ஆனால் அப்படிக் கேட்பவர்களின் கையில் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பாஸ்போர்ட். பிரிட்டிஷ் இளைஞர்கள்கூட முன்பு மே மாதம் ஸ்பெயினின் இபிசா தீவில் பையோடு இறங்கி ஒரே வாரத்தில் வேலையில் சேர்ந்தார்கள். பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகிவிட்டதால், 2021 ஜனவரியிலிருந்து அவர்களுக்கே பணி அனுமதி தேவைப்படுகிறது.

கிரீஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள் தங்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். அதோடு நுழைவுத் தடையும் பதிவாகிவிட்டால் கிரீஸ் மட்டுமல்ல, ஷெங்கனில் உள்ள 29 நாடுகளின் கதவும் அந்தக் காலம் முழுவதும் மூடிக்கொள்ளும். பிடிபடாமல் இருப்பது அதைவிடக் கொடுமை. பணி அனுமதி இல்லாத ஒருவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு, இவர் எங்கும் போய்ப் புகார் சொல்ல மாட்டார் என்பது நன்றாகத் தெரியும். சீசன் முழுக்க ஐஸ் மூட்டை தூக்கியவர்கள், அக்டோபரில் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

நேர்வழி இருக்கிறது. பருவகாலத் தொழிலாளர்களுக்காக 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பொதுச் சட்டநெறி கொண்டுவந்தது. டென்மார்க், அயர்லாந்து தவிர மற்ற உறுப்பு நாடுகளுக்கு அது பொருந்தும். நாட்டுக்கு நாடு மாறினாலும், 12 மாதத்தில் ஐந்திலிருந்து ஒன்பது மாதம் வரை வேலை செய்ய அனுமதி உண்டு. விண்ணப்பத்தோடு வேலை ஒப்பந்தமோ உறுதியான பணி உத்தரவோ இருந்தாக வேண்டும். வேலை நடக்கும் இடம், காலம், வேலை நேரம், சம்பளம், விடுப்பு எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆக, முதலாளி முதலில், விசா பிறகு. இந்த வரிசையை மாற்றிச் சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இத்தாலியில் ஆண்டுதோறும் ஓட்டல் தொழிலுக்கும் பருவகால ஒதுக்கீடு உண்டு. அங்கேயும் விண்ணப்பிப்பவர் முதலாளிதான். ‘நுல்லா ஓஸ்தா’ என்ற அனுமதிக் கடிதம் அவர் பெயரில்தான் வெளியாகும். அந்தக் கடிதத்தின் போலிகளையும் நம் ஊர்களில் விற்கிறார்கள். யாராவது காட்டினால், அதில் உள்ள ஓட்டலின் எண்ணைத் தனியாகத் தேடி எடுத்து நீங்களே பேசுங்கள்.

சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் படுக்கையைக் கேளுங்கள். பருவகால வேலையில் ஆட்கள் உடைவது வேலையில் அல்ல, தங்கும் இடத்தில். இபிசாவில் வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் சிலர்கூட வேன்களிலும் கூடாரங்களிலும் தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பாரை மூடிவிட்டு வருபவருக்கு, பகலில் இருட்டாக்கிக்கொள்ள ஓர் அறை இல்லையென்றால் மூன்றாம் வாரம் உடம்பு கையை விரித்துவிடும். நான் சொன்ன சட்டநெறி இதையும் கவனித்திருக்கிறது. முதலாளி தரும் தங்குமிடத்துக்கு வாடகை வாங்கினால், அது கையில் வரும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அதிகமாக இருக்கக் கூடாது. தானாகவே சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும் கூடாது. அறையில் எத்தனை பேர், இரவுப் பணிக்காரர்களும் பகல் பணிக்காரர்களும் ஒரே அறையா, வேலையிடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கோபிக்கும் முதலாளி, ஆகஸ்டில் உங்களுக்கு வார விடுப்பும் தர மாட்டார்.

ஜூனில் தேடுவது தாமதம். மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும் தீவு ஓட்டல்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஆள் எடுத்துவிடும். ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு ஊர்களில் சீசன் டிசம்பரில் தொடங்குவதால் ஆகஸ்ட், செப்டம்பரில் கேட்க வேண்டும். நமக்குக் காகித வேலைக்கே பல மாதம் ஆகும் என்பதால் இன்னும் முன்னதாக எழுதுங்கள். தன்விவரக் குறிப்பு ஒரே பக்கம் போதும். ‘கடின உழைப்பாளி’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஓர் இரவில் எத்தனை மேசைகளைத் தனியாகப் பார்த்தீர்கள், எந்த பில்லிங் இயந்திரம் தெரியும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருப்பீர்கள் என்று எழுதுங்கள். ஆள் எடுப்பவர் கடைசித் தேதியைத்தான் முதலில் பார்ப்பார். செப்டம்பர் நடுவில் கழன்றுகொள்பவர்கள்தான் அவருடைய பெரிய தலைவலி. சீசனை முடித்து விதிப்படி ஊர் திரும்பியவர்களுக்கு, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் நுழைவதை எளிதாக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டநெறி சொல்கிறது. உங்கள் முதல் சீசனின் பெரிய சம்பாத்தியம் அதுதான்.

கேள்வி: நான் மது அருந்துவதில்லை. பாரில் வேலை கிடைக்குமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாக. கலவை சரியாக இருக்கிறதா என்று ஸ்ட்ராவின் நுனியில் ஒரு துளி தொட்டுப் பார்ப்பார்கள். அதுவும் வேண்டாம் என்றால் பார்பேக் எனப்படும் பார் உதவியாளர் வேலையில் சேரலாம். ஐஸ், கிளாஸ், பீப்பாய், எலுமிச்சை நறுக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. பாரின் முதுகெலும்பு அவர்தான். மதுவைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது காதுகளைப் பற்றி. நடன அரங்கின் சத்தம் எளிதாக 100 டெசிபலைத் தொடும். வேலை நாளின் சராசரி இரைச்சல் 80 டெசிபலைத் தாண்டினாலே காதடைப்பான் கொடுக்க வேண்டியது ஐரோப்பிய முதலாளியின் கடமை. வெட்கப்படாமல் கேட்டு வாங்கி, முதல் இரவிலிருந்தே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. நன்றாக நடனமாடுவாள். துபாயில் ஓர் ஓட்டலில் மூன்று மாத ‘நிகழ்ச்சிப் பணியாளர்’ வேலை என்று அழைக்கிறார்கள். விசிட் விசா, முன்பணம் ஐம்பதாயிரம், டிக்கெட் அவர்கள் செலவு. பணம் கேட்காமல் பணம் கொடுக்கிறார்களே, நம்பலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, அந்த முன்பணம்தான் எனக்கு அச்சமூட்டுகிறது. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளைகுடா இரவு விடுதிகளுக்கு நடனப் பெண்களை வரவழைப்பவர்களில் ஒரு பகுதியினர் இப்படித்தான் கடனில் கட்டுகிறார்கள். போனபிறகு டிக்கெட், அறை, உடை என்று கணக்கு ஏறும். அதைத் தீர்க்க விருந்தினர்களோடு உட்காரச் சொல்வார்கள். அதற்குப் பிறகு என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. விசிட் விசாவில் வேலை செய்யக் கூடாது. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் முறைப்படியான பணி உத்தரவு அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் கிடைக்கும். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. அழைப்பவரிடம் ‘தமிழில் உள்ள அந்த உத்தரவை அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம்’ என்று மட்டும் கேளுங்கள். உண்மையான ஓட்டல் என்றால் தயங்காது.

இன்னொன்று. உங்கள் மகள் பத்தாம் வகுப்பு தேறியவர் என்றால் வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகுமுன் அரசின் அனுமதி தேவை என்று குறிக்கும் குடியகல்வுச் சோதனை (ஈசிஆர்) முத்திரை அவருடைய பாஸ்போர்ட்டில் இருக்காது. படித்த பெண்ணுக்கு அது வசதிதான். ஆனால் புறப்படுமுன் அவருடைய ஒப்பந்தத்தை அரசு அதிகாரி யாரும் படித்துப் பார்க்க மாட்டார் என்பதும் அதன் பொருள். அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். நடனம் அவருக்கு உயிர் என்றால், தடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் ‘நடனக் கலைஞர்’ என்று எழுதி, வேலை விசாவும் எடுத்துத் தருபவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: பி.காம். முடித்தவள், வயது 26. முதலாளியைத் தேடாமலேயே போக வழி உண்டா?
– வாசகி, ஈரோடு

பதில்: இரண்டு வழிகள் உண்டு, இரண்டுமே குலுக்கல். பிரிட்டனின் இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டத்தில் ஆண்டுக்கு 3,000 இடங்கள். வயது 18 முதல் 30, பட்டப்படிப்பு, வங்கிக் கணக்கில் 2,530 பவுண்டு இருப்பு. குலுக்கலில் பெயர் கொடுக்கக் கட்டணம் இல்லை. கிடைத்தால் இரண்டு ஆண்டு, ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம். ஸ்காட்லாந்து மலைப்பகுதி ஓட்டல்களில் அறையோடு சேர்ந்த வேலைகள் உண்டு. நான் அங்கேதான் முதலில் எழுதுவேன்.

ஆஸ்திரேலியாவின் ‘வேலையும் விடுமுறையும்’ விசாவில் இந்தியர்களுக்கு 1,000 இடங்கள், குலுக்கல் பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். அங்கே மது பரிமாற ஆர்எஸ்ஏ என்ற சான்றிதழ் வேண்டும். ஓரிரு நாளில் முடித்துவிடலாம். குலுக்கலில் ‘நிச்சயம் விழ வைக்கிறேன்’ என்று பணம் கேட்பவர் பொய் சொல்கிறார்.

கேள்வி: சொகுசுக் கப்பலில் உதவி வெயிட்டர் வேலைக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். நியாயமான தொகையா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நியாயமே இல்லை. தரையில் உள்ள வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர்கூட 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். கப்பலுக்கு அதுவும் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது; வெயிட்டரும் அந்தக் கணக்கில் கடலோடிதான். பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டும் உங்களுடையது. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் நீங்களே நேரடியாகப் பணம் கட்டிச் சேரலாம். பணம் கேட்ட நிறுவனத்திடம், கப்பல் வேலைக்கு ஆள் எடுப்பதற்கான ஆர்பிஎஸ்எல் உரிமத்தின் எண் என்னவென்று கேட்டு, கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தும் ஒன்றரை லட்சம் கேட்டால், ரசீது கேளுங்கள். பிறகு அதே இயக்குநரகத்துக்குப் புகார் எழுதுங்கள்.