நீலம் பாய்ந்த கத்தி முனை

கேள்வி: அப்பா தேக்கா சந்தையில் மீன் வெட்டிய பழைய கார்பன் ஸ்டீல் கத்தியைக் கொஞ்சம் சிறிதாக்கலாம் என்று பெஞ்ச் கிரைண்டரில் பிடித்தேன். முனையில் ஒரு விரல் அகலத்துக்கு நீலமாகிவிட்டது. நீலத்தைத் தேய்த்து எடுத்தும் அங்கே கூர் நிற்கவில்லை. பவர் ஹேக்சா பிளேடில் செய்த கத்தி சிவந்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறார் மாமா. உண்மையா?
– வாசகி, ஈசூன்

பதில்: அப்பாவின் கத்தியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா. போனது முனை மட்டும்தான்.

கார்பன் ஸ்டீலைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்ததும், அதாவது தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கிச் சட்டென்று குளிரவைத்ததும், அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும், தட்டினால் உடையும். அதனால் திரும்பவும் 150 முதல் 200 டிகிரி வரை சூடு காட்டிப் பதப்படுத்துவார்கள். அந்தச் சூட்டை எப்போது தாண்டினாலும் கடினம் குறையத் தொடங்கும். கிரைண்டரில் நிறம் இதைக் காட்டிக்கொடுக்கும்: வெளிர் மஞ்சள் என்றால் 220 டிகிரி பக்கம், ஊதா 280, நீலம் ஏறக்குறைய 300. நிறம் மேலே படிந்த மெல்லிய படலம்தான், தேய்த்தால் போய்விடும். உள்ளே இறங்கிய மென்மை போகாது.

ஜூரோங்கில் ஒரு பட்டறையின் டூல் ரூமில் வேலை பழகியபோது நானும் ஓர் உளியை நீலமாக்கி, பளபளவென்று தேய்த்து மேற்பார்வையாளரிடம் நீட்டினேன். அவர் பேசவில்லை, அரத்தை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தார். அரம் கடித்தது. கடினமான இரும்பில் அரம் வழுக்கும், மென்மையானதில்தான் கடிக்கும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மாமா சொல்வது பாதி சரி. இரும்பறுக்கும் இயந்திரத்தின் பவர் ஹேக்சா பிளேடு பெரும்பாலும் ஹைஸ்பீட் ஸ்டீல். அதில் டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம் எல்லாம் சேர்ந்திருக்கும். அதைப் பதப்படுத்துவதே 550 டிகிரி பக்கத்தில்தான். அதனால் கிரைண்டரில் நீலமானாலும் கடினம் அப்படியே இருக்கும். 1900இல் பாரிஸ் கண்காட்சியில், முனை சிவந்த நிலையிலும் இரும்பைக் கடைந்த லேத் டூலைப் பார்த்து உலகமே வியந்தது இதனால்தான். ஆனால் நன்றாகச் சிவக்கவிட்டால் அதுவும் தாங்காது. கொதிக்கும் சூட்டில் தண்ணீரில் முக்கினால் மயிரிழை விரிசல் விழும். சில பிளேடுகளில் பல் ஓரம் மட்டுமே ஹைஸ்பீட், முதுகு வேறு இரும்பு. மீன் தலையைத் தட்டி வெட்ட ஹைஸ்பீட் கத்தி வேண்டாம், விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும்.

கத்தியில் டி2 என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம். அது கருவிகள் செய்யும் இன்னொரு வகை ஸ்டீல். சிலர் அதை 200 டிகிரியிலும் சிலர் 500ஐத் தாண்டியும் பதப்படுத்துகிறார்கள். பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது.

சரி, உங்கள் கத்திக்கு வருவோம். நீலம் இருந்த இடத்தையும் அதைத் தாண்டி மூன்று நான்கு மில்லிமீட்டரையும் எடுத்துவிடுங்கள். கிரைண்டர்தான் என்றால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையுறை வேண்டாம். அலகை வெறும் விரலால் பிடியுங்கள். விரலுக்குச் சுடும் முன்பே தண்ணீரில் முக்குங்கள், சுட்ட பிறகு அல்ல. ஆனால் விரலையும் முழுதாக நம்பக் கூடாது. மெல்லிய விளிம்பு கண் இமைக்கும் நேரத்தில் வெந்துவிடும். அதனால் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் கனத்தில் நிறுத்திவிட்டு, மீதியை ஈரச் சாணைக்கல்லில் கையால் தேயுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் வீவக அடுக்குமாடி வீட்டில் அண்டைவீட்டாருக்கும் தொந்தரவில்லை.

தொடங்கும் முன் நடு அலகின் விளிம்பில் அரம் எப்படி வழுக்குகிறது என்று மெல்லப் பாருங்கள். முனையிலும் அதே வழுக்கல் வந்ததும் நிறுத்திவிடலாம்.