சூட்டுத் தழும்பு சாட்சியாகுமா?

கேள்வி: இலங்கையில் தடுப்புக்காவலில் சித்திரவதைக்குள்ளான என் தம்பியின் தஞ்சக் கோரிக்கையைப் பிரித்தானிய உள்துறை அமைச்சு நிராகரித்துவிட்டது. உடலிலுள்ள சூட்டுத் தழும்புகள் எந்தச் சூழ்நிலையில் ஏற்பட்டவை என்று மருத்துவரால் சொல்ல முடியாதாம். மேன்முறையீட்டில் மருத்துவ அறிக்கையால் பயன் உண்டா?
– வாசகி, ஹரோ, லண்டன்

பதில்: உண்டு. இதே வாதத்தை 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் இலங்கைத் தமிழர் ஒருவர், தம்மைத் தடுத்துவைத்திருந்தவர்கள் காய்ச்சிய உலோகக் கம்பியால் முதலில் தம் கையில் சுட்டதாகவும், நினைவிழந்த பின் முதுகில் சுட்டதாகவும் கூறியிருந்தார். அவரைப் பரிசோதித்த மருத்துவர், முதுகுத் தழும்புகளின் ஓரங்கள் துலக்கமாகவும் கைத்தழும்புகளின் ஓரங்கள் அவ்வளவு துலக்கமின்றியும் இருப்பதைக் கண்டு, நினைவோடிருப்பவர் வலியில் கையை இழுத்திருப்பார், நினைவிழந்தவர் அசைந்திருக்கமாட்டார் என விளக்கினார். அப்படியிருந்தும், தஞ்சம் பெறுவதற்காகப் பிறரைக் கொண்டு தாமே சுடச்செய்திருக்கலாம் என்ற ஐயம் கீழ்நிலைத் தீர்ப்புகளில் அவருக்கு எதிராக நின்றது.

உச்ச நீதிமன்ற நீதிபதி வில்சன் பிரபு வழங்கிய தீர்ப்பு இதை மாற்றியது. காயம் எதனால் ஏற்பட்டது என்பதோடு, பாதிக்கப்பட்டவர் கூறும் சூழ்நிலையோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் மருத்துவர் சொல்லலாம். தன்னைத்தானே இப்படிச் சுடவைப்பது மிக அரிது என்பதற்கும் உரிய எடை தர வேண்டும் என்று கூறி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

ஆகவே, தழும்புகள் இருக்கின்றன என்று மட்டும் எழுதிய அறிக்கை போதாது. சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை, ‘பொருந்தவில்லை’ என்பது முதல் ‘வேறெதனாலும் ஏற்பட்டிருக்க முடியாது’ என்பது வரை வகுத்துள்ள ஐந்து படிகளில் ஒவ்வொரு தழும்பும் எதில் அடங்குகிறது, விபத்து போன்ற வேறு காரணங்கள் ஏன் பொருந்தவில்லை என்று மருத்துவர் எழுத வேண்டும். அதற்குத் தம்பியின் வாக்குமூலமும் நேர்காணல் பதிவும் முன்கூட்டியே அவர் கையில் இருப்பது அவசியம். நேர்காணலில் தேதிகள் பிசகியிருந்தால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநிலை நினைவை எப்படிப் பாதிக்கிறது என்பதையும் அறிக்கை பேசட்டும். முதலில் ஒருவரை நம்பத்தகாதவர் என்று தீர்மானித்துவிட்டுப் பிறகே மருத்துவ அறிக்கையைப் பார்ப்பது தவறு என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005இலேயே கூறியிருப்பதைச் சட்டத்தரணி எடுத்துக்காட்டலாம்.

தம்பி 2022 ஜூன் 28 முதல் தஞ்சம் கோரியவரானால், அவரது அச்சம் உண்மையானதா என்பதை முன்பிருந்ததைவிடக் கடுமையான அளவுகோலால் நிறுவ வேண்டும். இது பலருக்கு அநீதி இழைக்கும் என்பதே என் கருத்து. பிரித்தானியாவில் இருந்தபடி மேன்முறையிட, முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து பொதுவாக 14 நாட்களே உண்டு. அறிக்கை வரட்டும் என்று காத்திராமல் மனுவை உடனே தாக்கல் செய்யுங்கள், அறிக்கையைப் பின்னர் சேர்க்க அனுமதி கேட்கலாம்.