வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறவர்களுக்கு

கேள்வி: 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பிப்பதற்கான பயிற்சி) படிப்பு இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை முடித்தால் போதுமா? (பி.காம். பட்டதாரி, திருப்பூர்)

டெஃபல் என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் ஒரு படிப்பைத் தொடங்கி அந்தப் பெயரை வைத்துவிடலாம். அதனால் சான்றிதழில் போட்டிருக்கும் மணிக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். நிஜ மாணவர்களுக்கு நீங்கள் பாடம் நடத்தும்போது பயிற்சியாளர் உட்கார்ந்து கவனித்துத் திருத்துவாரா என்று கேளுங்கள். கேம்பிரிட்ஜின் செல்டா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட்டீசால் என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் படிப்புகள் இரண்டிலும் இப்படி 6 மணி நேரம் வகுப்பெடுத்தே ஆக வேண்டும். செல்டாவை முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம். அந்த நாட்களில் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். செலவு அதிகம்தான். இந்தத் தொழில் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க மலிவான படிப்பு உதவும். ஆனால் அதை மட்டும் காட்டி நல்ல மொழிப் பள்ளியில் வேலை கேட்பது கடினம்.

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம், பி.எட்., எட்டு வருட அனுபவம். எனக்கும் செல்டா தேவையா? (பள்ளி ஆசிரியை, மதுரை)

வளைகுடாவில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் உங்கள் குறிக்கோள் என்றால் பி.எட்.தான் முக்கியம், செல்டா இல்லாமலே முயற்சி செய்யலாம். பெரியவர்களுக்குக் கற்பிக்கும் மொழிப் பள்ளிகள் என்றால் தேவை. அனுபவசாலிகள்தான் அந்தப் படிப்பின் முதல் வாரத்தில் அதிகம் திணறுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வகுப்பில் புரியாத சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்லி நகர்ந்துவிடலாம். வியட்நாமின் ஹனோயில் அந்த வசதி கிடையாது.

'ஐ யூஸ்டு டு லிவ் இன் மதுரை' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கண விதியை விளக்குவதற்குப் பதிலாகக் குட்டிக் குட்டிக் கேள்விகளைக் கேட்க வேண்டும். அவர் முன்பு மதுரையில் இருந்தாரா? இப்போதும் இருக்கிறாரா? ஒருநாள் வந்து போனாரா, வெகுகாலம் இருந்தாரா? இவற்றுக்கு மாணவர் சரியாகப் பதில் சொன்னால் பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் இருவர் இருவராக அவர்களைப் பேசவிட்டு, ஆசிரியர் வாயை மூடிக் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இலக்கியம் படித்தவருக்கு இது புதுத் தொழில். உங்களைப் போன்றவர்கள் இதைக் கற்றால் நம்மூர் வகுப்புகளும் மாறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: கொரியா, ஜப்பான், சீனா: இவற்றில் எது நல்லது? (பொறியியல் மாணவர், கோவை)

அதற்கு முன் இந்தியக் கடவுச்சீட்டுக்கு எந்தக் கதவு திறக்கும் என்று பாருங்கள். தென்கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கான ஈ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கு மட்டுமே. சீனாவில், மொழி ஆசிரியர் தன் தாய்நாட்டின் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்பது விதி. ஜப்பான் பள்ளிகளுக்கான பயிற்றுநர் விசாவுக்கு, ஆங்கில வழியில் 12 ஆண்டுகளாவது படித்திருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது பெரிய தடை. செல்டா வாங்கிவிட்டால் இந்தச் சட்டங்கள் வளைந்துகொடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: என் உச்சரிப்பில் தமிழ் வாடை அடிக்கிறது. செல்டாவில் சேர்த்துக்கொள்வார்களா? (திருநெல்வேலி)

சேர்த்துக்கொள்வார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று செல்டா கேட்பதில்லை. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின் மேல்நிலைகளான உயர்ந்த சி1 அல்லது சி2 அளவில் மொழித்திறன் இருக்கிறதா என்று நேர்காணலில் பார்ப்பார்கள். பட்டம்கூடக் கட்டாயமில்லை, கல்லூரியில் சேரும் தகுதி போதும். ஆனால் பல நாடுகளின் வேலை அனுமதிக்குப் பட்டம் வேண்டும்.

கேள்வி: 'சுற்றுலா விசாவில் தாய்லாந்து போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்கிறார் ஏஜென்ட். (சேலம்)

போகாதீர்கள். சுற்றுலா விசாவில் வகுப்பெடுப்பது அங்கே சட்டமீறல். பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. வேலைக்குரியது நான்-இமிக்ரண்ட் பி விசா, அதோடு வேலை அனுமதி. பள்ளியின் பெயரும் சம்பளமும் எழுதிய ஒப்பந்தத்தை முதலில் கேளுங்கள். காவல்துறை நற்சான்றைக் கடவுச்சீட்டு அலுவலகம் வழியாக வாங்கலாம். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம் பெற்றபின் வெளியுறவுத் துறையின் முத்திரை வாங்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இப்போதே தொடங்குங்கள். அசல் சான்றிதழ்களை அந்த ஏஜென்டிடம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பி வாங்கிவிடுங்கள்.