டிசம்பரில் கிரீட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் பயணக் கட்டுரைகளை நானும் என் கணவரும் சேர்ந்தே படிப்போம். நான் திருச்சியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் ஜெர்மனியில் மியூனிக் நகரில் வேலை பார்க்கிறாள். டிசம்பர் நடுவில் அவளுக்கு ஒரு வாரம் விடுப்பு. மூவருமாக கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போய், கார் வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம் என்கிறாள். கோடையைவிட எல்லாமே மலிவு என்பது அவள் கணக்கு.

ஆனால் உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். "குளிர்காலத்தில் யாராவது தீவுக்குப் போவார்களா? ஹோட்டல் எல்லாம் பூட்டிக் கிடக்கும், கடலில் கால் வைக்க முடியாது. சீசன் முடிந்த குற்றாலத்துக்குப் போவதும் இதுவும் ஒன்றுதான்" என்கிறார் என் நாத்தனார். மகள் போட்டிருக்கும் திட்டம் இது: ஹானியா, எலஃபோனிசி கடற்கரை, சமாரியா பள்ளத்தாக்கு, க்னோசோஸ், ஸ்பினாலோங்கா, கிழக்குக் கோடியில் ஸக்ரோஸ். ஏழு நாள் போதுமா? கணவர் முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறார், ஆனால் சாலையின் வலப்பக்கம் ஓட்டியதில்லை. நாங்கள் சைவம் வேறு. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாயம் போய் வாருங்கள். நானும் அந்தத் தீவைக் குளிர்காலத்தில்தான் பார்த்தேன். இன்னொரு முறை போக வாய்த்தாலும் அதே பருவத்தில்தான் போவேன்.

உங்கள் நாத்தனார் சொன்ன குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம். குற்றாலத்தில் சீசன் என்பது தண்ணீர் விழும் காலம். கிரீட்டில் தண்ணீர் வருவது குளிர்காலத்தில்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே அனேகமாக மழையே கிடையாது. மலைகள் காய்ந்து பழுப்பாகிக் கிடக்கும். அக்டோபர் வாக்கில் மழை தொடங்கிய பிறகுதான் புல் முளைக்கிறது, ஓடைகளில் நீர் வருகிறது, கூர்னாஸ் ஏரியின் நீர்மட்டம் ஏறுகிறது. ஹானியாவுக்குப் பின்னால் இருக்கும் ஊர்களில் ஆரஞ்சு பழுக்கிறது. மலை உச்சிகளில் பனி விழுகிறது. விடுதிக்காரர்கள் சீசன் என்று சொல்வது கடற்கரைக்கு ஆள் வரும் காலம். நிலத்துக்கு உரிய காலம் டிசம்பர்தான்.

பூட்டிக் கிடக்கும் என்பதும் பாதி உண்மைதான். ஹெர்சோனிசோஸ், மாலியா மாதிரி விடுமுறைக்கென்றே எழும்பிய கடற்கரை ஊர்களில் நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலான விடுதிகள் அடைத்துவிடும். அங்கே அறை எடுக்காதீர்கள். ஹானியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன் மூன்றும் ஜனங்கள் வாழும் ஊர்கள். பள்ளிக்கூடம், சந்தை, காபிக்கடை எல்லாம் வருடம் முழுக்க நடக்கும். கோடையில் கடற்கரையில் நாற்காலி வாடகைக்கு விட்டவர்களில் எத்தனையோ பேர் இப்போது ஆலிவ் தோப்பில் இருப்பார்கள். அவர்களை அங்கே போய்ப் பார்ப்பதற்குத்தான் கார் வேண்டும்.

ஆலிவ் பறிப்பதை எப்படியும் பார்த்துவிடுவீர்கள், தவிர்க்கவே முடியாது. மரத்தடி முழுக்கக் கறுப்பு, பச்சை வலைகளை விரித்து, நீளக் கம்பின் நுனியில் சுழலும் கருவியால் கிளைகளை அடிப்பார்கள். ஆலங்கட்டி மழைபோலக் காய்கள் கொட்டும். அங்கே அதிகம் இருப்பது கொரோனெய்கி என்ற சின்னக் காய் ரகம். மாலையில் சாக்குமூட்டை ஏற்றிய பிக்கப் வண்டிகள் சாலையில் மெல்லப் போகும். பொறுமையாகப் பின்னாலேயே போனால் ஆலை வந்துவிடும். மெஸாரா சமவெளியில் அப்படி ஓர் ஆலைக்குள் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு குடும்பத்தின் மூட்டைகளும் தனித்தனியே அடுக்கியிருந்தன. இலையை ஊதித் தள்ளி, காயைக் கழுவி, கொட்டையோடு அரைத்து, அந்தக் கூழை அரைமணிக்கு மேல் மெல்லக் கிளறுகிறார்கள். பிறகு அது சுழல் இயந்திரத்துக்குள் போய், மறுமுனையில் பச்சை நிற எண்ணெய் கலங்கலாக வழிகிறது. தன் காய் எண்ணெயாகி வரும்வரை யாரும் வீட்டுக்குப் போவதில்லை. ஒரு பாட்டி அடுப்பில் வாட்டிய ரொட்டியை அந்தக் குழாயடியில் நீட்டி நனைத்து, உப்புத் தூவி என் கையில் கொடுத்தார். தொண்டையில் மிளகு கடித்ததுபோல் காரம். புது எண்ணெய் அப்படித்தான் இருக்குமாம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு கிரேக்கம் தெரியாது. இருமிக்கொண்டே இன்னொரு துண்டு வாங்கித் தின்றேன். ஆகஸ்டில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

இனி உங்கள் மகளின் திட்டம். அதில் பாதியை அடித்துவிடுங்கள். கிரீட் கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீளம். வரைபடத்தில் பார்த்தால் நம் ஊர் நான்குவழிச் சாலையில் ஒரே காலையில் ஓடிவிடும் தூரம்போலத் தோன்றும். ஆனால் நடுவில் நிற்பவை 2,400 மீட்டரைத் தாண்டும் மலைகள். வடகரையோரம் ஓடும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் எல்லாமே வளைவுச் சாலைதான். அதோடு டிசம்பரில் பகல் சின்னது. காலை ஏழரை வாக்கில்தான் சூரியன் எழும்பும், மாலை ஐந்து தாண்டினால் இருட்டு. மழை பெய்த மறுநாள் மலைச்சாலையில் கல் உருண்டு கிடக்கும், ஆடுகள் குறுக்கே படுத்திருக்கும். இருட்டிய பிறகு மலையில் வண்டி ஓட்டுவதில்லை என்று புறப்படும் முன்பே மூவரும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

சமாரியா பள்ளத்தாக்கு குளிர்காலம் முழுக்க மூடப்பட்டிருக்கும், வெள்ளமும் பாறைச்சரிவும்தான் காரணம். தொழுநோயாளிகளை 1957 வரை குடிவைத்திருந்த குட்டித் தீவான ஸ்பினாலோங்காவுக்கு இந்தப் பருவத்தில் வழக்கமான படகு இருக்காது. ஸக்ரோஸ் நல்ல இடம்தான், ஆனால் போய்த் திரும்பவே ஒரு பகல் போய்விடும். எலஃபோனிசிக்குக் காற்று அடங்கிய நாளாக இருந்தால் மட்டும் போங்கள். ஹானியாவில் மூன்று இரவு, ஹெராக்லியோனுக்குத் தெற்கே அர்ஹானெஸ் என்ற ஊரில் மிச்ச இரவுகள். நான் போட்டால் இப்படித்தான் போடுவேன். தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலையும் மிச்சம்.

ஹானியாவில் இருக்கும்போது தெற்கே ஸ்ஃபாகியா பக்கம் ஒருநாள் போங்கள். வ்ரீசெஸ் என்ற ஊரிலிருந்து சாலை ஏறி, அஸ்கீஃபூ சமவெளியைத் தாண்டி, ஹோரா ஸ்ஃபாகியோன் துறைமுகத்துக்கு இறங்குகிறது. 1941 மே மாதக் கடைசியில், ஜெர்மானியப் படையிடம் தீவை இழந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் இந்த மலையைத்தான் நடந்து கடந்தார்கள். இரவுகளில் கப்பல் வந்து ஏற்றிச் சென்றது. ஏற்ற முடியாமல் போன ஆயிரக்கணக்கானவர்கள் கரையிலேயே சிறைப்பட்டார்கள். இப்போது அந்த இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் லிபியக் கடல் தெரியும். வடக்கே மேகத்தை மலை பிடித்து நிறுத்திவிடுவதால், ஹானியாவில் மழை கொட்டும்போது இங்கே வெயில் அடிப்பதுண்டு. காலையில் ஜன்னலைத் திறந்து மழையைப் பார்த்தால் சோர்ந்துவிடாமல் தெற்கே வண்டியை விடுங்கள்.

க்னோசோஸ் போகத்தான் வேண்டும். ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900இல் தோண்டத் தொடங்கிய பண்டைய அரண்மனை. அவர் சிமென்ட்டில் எழுப்பிய தூண்களை ஆய்வாளர்கள் பலர் இன்றும் ஏற்பதில்லை. எனக்கு ஃபைஸ்டோஸ் என்ற இன்னொரு பண்டைய அரண்மனைதான் பிடித்தது. பெரிதாக எதையும் புதிதாகக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். அகலமான கல் படிக்கட்டில் நின்று வடக்கே பார்த்தால் பனி மூடிய சிலோரீடிஸ் மலை.

ஃபைஸ்டோஸிலிருந்து சிறிது தூரத்தில் கோர்டின் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள். ஆசிரியையாக இருந்த உங்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ரோமர் காலத்து அரங்கின் சுவரில், அதைவிடப் பழைய கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் சட்டம் அப்படியே கல்லில் நிற்கிறது. 12 பத்திகள், அறுநூறுக்கும் மேற்பட்ட வரிகள். ஒரு வரி வலமிருந்து இடம் போனால் அடுத்தது இடமிருந்து வலம் வருகிறது, எழுத்துகளும் கூடவே முகம் திரும்பிக்கொள்கின்றன. மணவிலக்கு ஆனால் மனைவி தான் கொண்டுவந்த சொத்தையும், அந்தச் சொத்தின் விளைச்சலில் பாதியையும், தான் நெய்ததில் பாதியையும் எடுத்துச் செல்லலாம் என்கிறது அந்தச் சட்டம். அதே கல்லில், ஒரே குற்றத்துக்குச் சுதந்திர மனிதனுக்கு ஓர் அபராதம், அடிமைக்கு வேறு அபராதம். நான் போன நாளில் தூறிக்கொண்டிருந்தது, எனக்கு முன்னும் பின்னும் ஆள் இல்லை. வரிவரியாக எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு வேண்டிய மட்டும் நின்றேன். கூட்டம் இல்லாத பருவத்துக்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை. தொல்லியல் இடங்களைக் குளிர்காலத்தில் சீக்கிரம் பூட்டிவிடுவார்கள், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். டிசம்பர் 25, 26 இரு நாளும் திறக்கவே மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். நவம்பர் 15 முதல் கிறிஸ்துமஸ் வரை கிரேக்கத் திருச்சபையின் நாற்பது நாள் நோன்பு. கடைப்பிடிப்பவர்கள் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். அதனால் விரதச் சாப்பாடு என்று சொன்னாலே கடைக்காரருக்குப் புரியும், மீனும் வேண்டாம் என்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மழைக்கு முளைத்த காட்டுக் கீரைகளை வேகவைத்து, எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுத் தருவார்கள். கீரை வகைகளில் அந்த ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். பெரிய வெள்ளை பீன்ஸ், மசித்த பருப்பு, தக்காளி போட்ட பார்லி ரொட்டி எல்லாம் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலேயே ராக்கி என்ற சாராயத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். அன்பாக வைப்பதுதான், ஆனால் வண்டி ஓட்டுகிறவர் தொடக் கூடாது.

கார் விஷயம். சின்ன வண்டியாக எடுங்கள், கிராமத்துத் தெருக்கள் குறுகல். வலக்கையால் கியர் போட்டுப் பழகுவது சிரமம் என்றால் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று முன்பதிவிலேயே கேளுங்கள், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் வரும். காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். மண்பாதையில் போனால் பல நிறுவனங்களின் காப்பீடு செல்லாது. செல்போன் வரைபடம் குறுக்குவழி என்று ஆட்டுப்பாதையைக் காட்டும், கேட்காதீர்கள். வண்டியை வாங்கும்போதே சுற்றிலும் வீடியோ எடுத்து வையுங்கள். நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகிறவர்கள் ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கி, பின்னால் வருபவருக்கு வழிவிடுவது அங்கே வழக்கம். யாராவது நெருக்கினால் அதைத்தான் கேட்கிறார்கள். மலையூர்களில் பெட்ரோல் பங்குகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை பல பூட்டியிருக்கும், சனிக்கிழமையே நிரப்பிவிடுங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவது உங்கள் கணவருக்கு அரைநாளில் பிடிபட்டுவிடும். நேரான சாலையில் தவறு வராது. யாருமில்லாத சந்திப்பில் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் இடப்பக்கம் இழுக்கும். பக்கத்தில் உட்காருகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மகளிடம் ஜெர்மன் உரிமம் இருந்தால் அது அப்படியே செல்லும். உங்கள் கணவர் ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வேண்டும். அதை இங்கேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அங்கே போய் வாங்க முடியாது. ஒரு வருடம் செல்லும். இந்த வாரமே விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்.