பூம்புகார் முதல் நாகூர் வரை: ஒரே நாளில் எதைப் பார்ப்பது?

ஒரே நாள்தான் என்கிறீர்கள். பாதியைத் தரங்கம்பாடிக்கே கொடுங்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது, உள்ளே அருங்காட்சியகம். 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். ராஜ வீதியில் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் (1718). 1706இல் வந்தவர், தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து இங்கேயே அச்சிட்டார்.

கோட்டையிலிருந்து நடந்தே போகலாம், மாசிலாமணிநாதர் கோயிலுக்கு. பாண்டியர் காலத்தது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. என்னைக் கேட்டால் கோட்டையைவிட இதுதான்.

பூம்புகாரில் சோழர் துறைமுகத்தைத் தேடாதீர்கள், ஏமாற்றமே மிஞ்சும். சாயங்காலம் நாகூர் தர்கா. அதன் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டித் தந்தவர், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். வெயிலுக்குத் தொப்பி மறக்காதீர்கள், கடற்கரையில் நிழல் குறைவு.