சாமந்தி மொட்டு வைக்காததற்குக் காரணம் தெருவிளக்கு

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறேன். ஆடியில் வாங்கி வைத்த ஆறு சாமந்தித் தொட்டிகளில் ஐந்து வாசலில் இருக்கின்றன. பகலில் வெயிலும் இரவில் தெருவிளக்கு வெளிச்சமும் குறைவில்லாமல் கிடைத்தும், ஐப்பசி பிறந்த பிறகும் ஒரு மொட்டுக்கூட இல்லை. பின்கட்டில் துவைக்கும் கல்லருகே உள்ள தொட்டி மட்டும் மொட்டு வைத்திருக்கிறது. நாற்று விற்றவர் ‘பூ டானிக்’ வாங்கித் தெளிக்கச் சொல்கிறார். வாங்கலாமா? ஏற்காட்டில் இருக்கும் தங்கைக்கும் இதே செடியைக் கொடுக்கலாமா?

பதில்: டானிக் வாங்க வேண்டாம். ஒரே நாளில் வாங்கி, ஒரே மண்ணில் வைத்து, ஒரே கையால் தண்ணீர் ஊற்றிய ஆறு செடிகளில் இருட்டில் இருக்கும் ஒன்று மட்டும் மொட்டு வைத்திருக்கிறது என்றால், மற்ற ஐந்துக்கும் குறைவது சத்து அன்று, இரவு. சாமந்தி, இரவு நீளும் பருவத்தில் பூக்கும் செடி. சேலத்தில் புரட்டாசிக்குப் பிறகு பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்குகிறது; அந்த நீண்ட இருளை இலைகள் உணர்ந்த பின்னரே நுனியில் மொட்டு உருவாகத் தொடங்கும். இரவு முழுவதும் விளக்கு எரியும் இடத்தில் உங்கள் செடிக்கு இன்னும் ஆனி மாதமே முடியவில்லை. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் சாமந்தி சாகுபடி செய்வோர், தண்டு நீளும்வரை பூக்காமல் இருப்பதற்காக இரவில் பல்பு எரிய விடுவது வழக்கம். அவர்கள் காசு கொடுத்துச் செய்வது உங்கள் வாசலில் இலவசமாக நடக்கிறது.

செய்ய வேண்டியது மிகவும் எளிது. ஐந்து தொட்டிகளையும் இன்றைக்கே பின்கட்டுக்கு மாற்றிவிடுங்கள்; அங்கே உள்ள குளியலறை விளக்கையும் இரவெல்லாம் எரிய விடாதீர்கள். பகல் வெயில் அங்கே போதவில்லையென்றால், காலையில் வாசலுக்குக் கொண்டுவந்து, பொழுது சாயும்போது திரும்பக் கொண்டுபோக வேண்டும். இடையில் நான்கு நாள் மறந்துவிட்டால், மொட்டு வைப்பது அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். மூன்று நான்கு வாரங்களில், கொழுந்து இலைகளை விலக்கிப் பார்த்தால், நடுவில் கடுகளவு பச்சைக் குமிழ் தெரியும். அதன் பிறகு நுனியைக் கிள்ளக் கூடாது. கிளை பெருகட்டும் என்று ஐப்பசியில் கிள்ளுகிறவர்கள் மொட்டைத்தான் கிள்ளி எறிகிறார்கள். பூ விரிய, பெரும்பாலான ரகங்களில் எட்டு முதல் பத்து வாரம் ஆகும். ஆகவே கார்த்திகை தீபத்துக்குப் பூ கிடைக்காது, மார்கழிக் கோலத்துக்குக் கிடைக்கும். யூரியாவை இப்போது கையாலும் தொடாதீர்கள், இலைதான் தழைக்கும்.

இனி அந்த டானிக்கைப் பற்றி. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2021இல் உயிர் ஊக்கிகளும், அதாவது செடியின் வளர்ச்சியைத் தூண்டுவதற்கென்று விற்கப்படும் இத்தகைய டானிக்குகளும், கொண்டுவரப்பட்டுவிட்டன. புட்டியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் தயாரித்தார்கள் என்பதெல்லாம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உங்களிடம் நீட்டப்படும் புட்டியில் ஒரு பூப்படமும் விலையும் மட்டுமே இருந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதைப் பற்றி முறையிடச் சென்றால், வேளாண்மைத் துறைக்காரர் தோட்டக்கலைத் துறையைக் கைகாட்டுவார், தோட்டக்கலைக்காரர் வேளாண்மையைக் கைகாட்டுவார். அதற்குள் விற்றவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். இவரைவிடச் சாமர்த்தியசாலி, தீபாவளி நெருங்கும்போது சரக்கு ஆட்டோவில் குட்டையான, குடை விரித்தாற்போல் பூத்த சாமந்தித் தொட்டிகளைக் கொண்டுவரும் தரகர். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுத்துக் குட்டையாக்கிய செடிகள் அவற்றில் பல என்பதையும், அடுத்த ஆண்டு அவை முழங்கால் உயரம் வளர்ந்து சாயும் என்பதையும் அவர் சொல்வதில்லை. ரகத்தின் பெயரைக் கேட்டால் ‘ஐபிரிட்’ என்பார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 என்ற மஞ்சள் சாமந்தியையும் கோ 2 என்ற ஊதாச் சாமந்தியையும் வெளியிட்டும், பெயர்ச்சீட்டு குத்திய ஒரு சாமந்தித் தொட்டியைச் சாலையோர நாற்றங்காலில் காண்பது அரிதாகவே இருக்கிறது.

தங்கை விஷயத்தில் நான் மேலே சொன்னது பாதிதான் பொருந்தும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் இரவுக் குளிர் சாமந்திக்கு உகந்தது. சேலத்துப் புழுக்கத்தில் சுணங்கும் மொட்டு அங்கே நன்றாகத் திரளும். ஆனால் அது விரியும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்துகொள்வதால், அடுக்கு இதழ்களுக்கு நடுவே நீர் தங்கி, வெளி இதழ் பழுப்பாகி, இரண்டொரு நாளில் பூவின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்துவிடும். ஆகவே தங்கை தொட்டிகளைத் தாழ்வாரத்தின் கீழ், மழைச்சாரல் படாமல், காற்று நுழையும் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். தண்ணீரைக் காலையில், மண்ணில் மட்டும் ஊற்ற வேண்டும். பழுப்பான பூவை அன்றன்றே கிள்ளித் தொலைவில் போட வேண்டும். தாழ்வாரத்தில் விளக்கு எரிந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அழகாபுரத்துக் கதை அங்கேயும் நடக்கும். அடுக்கு குறைந்த, ஒற்றை வரிசை இதழ் உள்ள ரகம் கிடைத்தால் அதுவே மலைக்கு ஏற்றது. மே மாதக் கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு அத்தனை ஆயிரம் தொட்டிகளை அடுக்குகிறவர்கள், மழைமாதங்களில் எதை வைப்பது என்று மலைவாசிகளுக்கு ஒரு துண்டுத்தாள் அச்சிட்டுக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

காலியாகும் உங்கள் வாசலுக்குச் செம்பருத்தி, இட்லிப் பூ, நித்தியகல்யாணி ஆகியவை போதும். தெருவிளக்கு அவற்றின் பூப்பைக் கெடுப்பதில்லை. கிறிஸ்துமஸுக்குச் சிவக்கும் பாயின்செட்டியாவை மட்டும் அங்கே வைக்காதீர்கள்; அதற்கும் இரவு இருட்டாக இருக்க வேண்டும்.